குண்டூசிக்கு மாத்திரை வேணுமா?

சலூன்காரருக்கு வாய் ஓயாது. கை அதைவிட ஓயாது. வெட்டும், சீவும், தட்டும். வேலை எதுவும் இல்லாவிட்டால் ஸ்பிரே பாட்டிலை எடுத்துக் காலி நாற்காலிக்குத் தண்ணீர் அடிக்கும். ஊரில் பாதித் தலைகள் அவர் சொன்ன பக்கம்தான் திரும்பும். வீட்டில் அவர் சொல்லி எதுவும் திரும்பாது, அது வேறு கதை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு பூனைக்குட்டியிடம் வசமாக மாட்டிக்கொண்டார்.

கடையில் துண்டு வைக்கும் பெட்டிக்குப் பின்னால் ஒரு பூனை இரண்டு குட்டிகளைப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது. ஆணுக்குக் குண்டூசி, பெண்ணுக்கு ஊக்கு என்று பெயர் வைத்தார். இரண்டும் கழுத்தைக் கவ்வி, பின்னங்காலால் வயிற்றில் உதைத்து, உருண்டு புரண்டு கத்தும். ஒன்றையொன்று கொன்றுவிடும் என்று பயந்து, சண்டை சூடு பிடிக்கும்போதெல்லாம் பாட்டிலை எடுத்து 'புஸ்' என்று ஓர் அடி அடிப்பார். குட்டிகள் ஆளுக்கொரு மூலைக்குப் பறக்கும். அதுவும் போதாதென்று ஊக்கை வீட்டில் விட்டுவிட்டு, குண்டூசியை மட்டும் கடையில் வைத்துக்கொண்டார். பஞ்சாயத்து முடிந்தது என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

முடியவில்லை. தனியாகிப்போன குண்டூசிக்குக் கடிக்க ஆள் வேண்டுமே? நாற்காலியிலிருந்து கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வசதியாகப் போயிற்று.

ஒரு நாள் தபால்காரருக்குக் கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தார். கீழே ஒரு பாய்ச்சல். தபால்காரர் துள்ளியதில் கத்தி காதோரம் கோடு போட்டது. சின்னக் கோடுதான். ஆனால் காது தபால்காரருடையது ஆயிற்றே, செய்தி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு வந்த ஒன்றிரண்டு பேரும் நாற்காலியில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு முடிவு எடுங்க" என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். குரல் கடைசி சீட் வரைக்கும் கேட்கும். "கடை வேணுமா, பூனை வேணுமா?"

கடை சோறு போடுகிறது. பூனை என்ன செய்கிறது? நாள் முழுக்க அடுத்தவன் தலையைத் தடவுகிற மனுஷர். தடவி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்துக் குறை சொல்லாத ஒரே தலை குண்டூசியுடையது.

துண்டில் சுருட்டிக்கொண்டு மாட்டு டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, இதுக்கு ஒரு மாத்திரை குடுங்க. கல்லாட்டம் உட்காரணும்."

டாக்டரம்மா பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். நடுவில் ஒரு கடியும் வாங்கிக்கொண்டார்.

"மாத்திரை இருக்குண்ணே. பயத்துல நடுங்குறது, தன் உடம்பையே கடிச்சுப் புண்ணாக்குறது, அந்த மாதிரி பூனைக்குக் குடுப்போம். இது நல்லாத்தான் இருக்கு. கூடப் பொறந்தது ஏதாவது இருக்கா?"

பாட்டில் கதை முழுவதும் வெளியே வந்தது.

"எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு அதுங்க சண்டை போட்டுத்தான் தெரிஞ்சுக்கும். கத்துக்குற நேரம் பார்த்து நீங்க தண்ணி அடிச்சிருக்கீங்க."

"விட்டா கொன்னுடுமேம்மா!"

"காதை ஒட்டவச்சுச் சீறிக்கிட்டு, ஓடி ஒளியுறதையும் தொரத்தித் தொரத்திக் கடிச்சா பிரிச்சுவிடுங்க. மாத்தி மாத்தி மேலயும் கீழயும் விழுந்தா கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. கொஞ்ச நாள் பார்ப்போம். அப்பவும் அடங்கலன்னா மாத்திரையைப் பத்திப் பேசலாம்."

கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா! அந்த வித்தைதான் அவருக்குத் தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமை, ஆள் வராத கடையைப் பூட்டிவிட்டு, வீட்டுக் கூடத்தில் இரண்டையும் விட்டார்கள். மோந்து பார்த்தன. அடுத்த நொடி ஒரே ரோமப் பந்து. சலூன்காரர் கை தானாகப் பாட்டிலைத் தேடிப் போயிற்று. மனைவி மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினாள்.

"மாத்திரை பூனைக்கு இல்ல, உங்க கைக்குத்தான் போடணும்."

"விடும்மா, கழுத்தைப் பிடிச்சிருக்கான்!"

"என் வேன்ல தெனமும் முப்பது பேர் இதைத்தான் பண்றாங்க. பேசாம இருங்க."

ஊக்கு 'கீச்' என்று அலறியது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கூடத்தில் சத்தமே இல்லை.

"செத்துடுச்சா?"

"கண்ணைத் தொறங்க சாமி."

குண்டூசி பிடியை விட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றது. ஊக்கு அலட்டிக்கொள்ளாமல் கழுத்தைச் சிலுப்பியது, காலை நக்கியது, சட்டென்று திரும்பி அண்ணன் மேல் பாய்ந்தது. இப்போது குண்டூசி கீழே. சலூன்காரருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தும்மல் மாதிரி சமாளித்தார்.

சாயங்காலம் குண்டூசி வந்து அவர் கட்டைவிரலைக் கவ்வியது. பல் இறங்கும்போது, தொழில்காரர் என்ற கௌரவத்தை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, "கீச்" என்றார். பல் தளர்ந்தது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் இல்லை.

"பார்த்தியா! கேட்குது!"

"நான் சொன்னா நீங்கதான் கேட்க மாட்டீங்க" என்ற மனைவி, மூடி போட்ட கூடை ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். "நாளைக்கு ரெண்டையும் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒண்ணையொண்ணு கடிச்சுக்கட்டும், ஆளை விட்டுடும்."

"ஆளு வருவாங்களா?"

"முடி வளராமலா இருக்கும்? வருவாங்க."

அவர் கூடைக்குள் பழைய துண்டை மடித்துப் போட்டார். பிறகு எடுத்து உதறி, இரண்டுக்கும் இடம் வருகிற மாதிரி அகலமாக விரித்தார்.