மோரில் கரைத்த மருந்து

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் நான். செலியாக் நோய் முதலில் வந்ததும் எனக்குத்தான். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அம்மா நம்பினாள். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்குச் சர்க்கரை நோய் புரியும். கோதுமை ஆகாது என்றால் பணக்கார நோய் என்பார்கள்.

ஓயாத சோகையோடும் வயிற்றுப்போக்கோடும் எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். இணையத்தில் படித்துவிட்டுச் சப்பாத்தியையும் பரோட்டாவையும் முன்பே நிறுத்தியிருந்தேன். அவர் பாராட்டவில்லை. கோதுமையை விட்டுவிட்டு வந்தால் ரத்தப் பரிசோதனை பொய் சொல்லும், சில வாரம் தின்றுவிட்டு வா என்றார். தின்றேன். பிறகு ரத்தம் எடுத்தார்கள்; தொண்டை வழியே குழாய் விட்டுச் சிறுகுடலில் கொஞ்சம் சதை கிள்ளினார்கள். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டனை எதிரியாக எண்ணி என் உடம்பே என் குடலை அரிக்கிறதாம். மருந்து இல்லை, வாழ்நாள் பத்தியம்தான். பரம்பரையாகவும் வரலாம் என்றதும் அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

சேமியா, ரவை, பிஸ்கட், சாஸ் என்று பாக்கெட் பாக்கெட்டாகப் பொடி எழுத்தை வாசித்தேன். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு. ஆனாலும் வயிறு வலித்தது. வலிக்கும்போதெல்லாம் அம்மா மோரில் பெருங்காயப் பொடியைத் தாராளமாகக் கரைத்துக் கொடுத்தாள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் நோயின் அளவைக் காட்டும் எண் இறங்கவில்லை. இனியும் இறங்காவிட்டால் மறுபடி குழாய் என்றார் டாக்டர். அந்தக் குழாயை நினைத்தாலே எனக்குக் குமட்டும். வலிக்கு என்ன சாப்பிடுகிறாய் என்று அப்போதுதான் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பெருங்காய டப்பாவைத் திருப்பினேன். சேர்மானங்களில் கோதுமை மாவு முதலில் இருந்தது, பெருங்காயம் பிறகுதான்.

"அப்போ இத்தனை நாளும் நானா உனக்கு விஷம் தந்தது?" என்றாள் அம்மா.

"நீயில்லம்மா, டப்பாக்காரன்."

"பிஸ்கட்டுல எழுதினது வாசிக்கத் தெரியும், இது தெரியாதா? நீயில்லையா மோளே படிச்சவ?"

பஜாரில் மாவு கலக்காத பெருங்காயம் கேட்டாள். மாவு கலக்காமல் யார் விற்பார்கள் என்று கடைக்காரச் சேட்டன் சிரித்தாராம். அன்றுமுதல் சாம்பாரில் பெருங்காயம் இல்லை. ஆஸ்பத்திரிச் சாம்பார் என்று அப்பா முணுமுணுத்தார்.

"சாம்பார் வேணுமா, மோள் வேணுமா?" என்றாள் அம்மா.

பதில் சொல்ல அப்பா எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த முறை எண் நன்றாக இறங்கியிருந்தது. குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். இப்போது தெருவில் யாருக்கு வயிறு வலித்தாலும் அம்மா அவர்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவைச் சந்தேகிக்கிறாள். வாசித்துச் சொல்ல என்னை அனுப்புகிறாள். அவர்களுக்கு இந்த நோய் இல்லை என்று சொல்லிப் பயனில்லை.