கிளிப்பச்சைச் சுவரும் அரக்குக் கரையும்

யார் வீட்டிலாவது கிளிப்பச்சைச் சுவரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. உள்ளே போய் உட்கார மாட்டேன். காபி கொடுத்தால் வாசலில் நின்றபடியே குடித்துவிட்டு வந்துவிடுவேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. வீடு என்றால் ஒரே கூடம். தெருக்கதவில் நின்றால் கொல்லைக்கதவு தெரியும். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது, மரத்தூண்கள்தான். முன்பக்கம் வந்தவர்கள் உட்காருவார்கள். நடுவில் குழித்தறி. பின்னால் இடுப்பளவு குட்டிச்சுவர், அதற்கு அந்தப் பக்கம் அடுப்பு. மிளகாய் தாளித்தால் தறியில் இருப்பவர் தும்முவார். இப்போது இப்படித் திறந்த வீடு கட்டுவதை நாகரிகம் என்கிறார்கள். நாங்கள் தறி போட வேறு இடம் இல்லாமல் அப்படி இருந்தோம்.

தறியில் உட்காருவது என் கணவர். அவருக்கு நூல் பார்த்து எடுத்துக் கொடுப்பது நான். சாயம் போட்டு வரும் பட்டு நூலைக் கட்டுக் கட்டாகச் சிட்டம் என்று கொடுப்பார்கள், ஒரு சிட்டம் போல இன்னொரு சிட்டம் இருக்காது. ஒரே கலர் என்றுதான் கொடுப்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் ஒரு பொட்டு சிவப்பு தூக்கலாக இருக்கும். அதைக் கவனிக்காமல் குறுக்கு நூலான ஊடைக்குப் போட்டுவிட்டால் புடவையின் குறுக்கே பட்டை விழும். அப்புறம் அந்தப் புடவையை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். சோறு வடிப்பது எல்லா மருமகளும் செய்கிற வேலை. சிட்டம் பார்ப்பது நான் மட்டும் செய்த வேலை. யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை சொல்லாத என் மாமனார்கூட, "எம் மருமவ கண்ணு தராசுபா" என்று தெருவில் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அறுபதுகளின் கடைசியில் என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஆரணியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மாமனாருக்கு வீட்டுச் சுவர் கண்ணில் குத்தியது. அதுவரை வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பதுதான் வழக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டில் டிஸ்டெம்பர் பூசியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பெயின்ட் கடையில் கொடுத்த கலர் அட்டையை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, "ஒண்ணாவது கலரா இது? எல்லாம் கழுவி ஊத்துன மாதிரி இருக்குது" என்று தூக்கிப் போட்டார். அலமாரியிலிருந்து பட்டுச் சிட்டங்களை எடுத்து வந்து சுவரில் ஆணி ஆணியாக மாட்டினார்.

"புடவைக்கு எப்படிப் பாக்கறோமோ அப்படித்தான் வூட்டுக்கும்" என்றார். "ஒடம்பு கிளிப்பச்சை. கீழ முழங்கால் ஒசரத்துக்கு அரக்குல கரை. வாசப்பக்கம் முந்தானை மாதிரி, முழு அரக்கு. அடுப்பாண்ட மாம்பழ மஞ்சள். உள்ள கால வெக்கும்போதே இது நெசவுக்காரன் வூடுன்னு தெரியணும்."

சுவர் பூச வந்தவர் என்னைப் பார்த்து, "நீங்கதான் கலர் பாக்கறவங்கன்னு சொல்றாங்க. இன்னாம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"முன்னாடி என்ன வேணா பூசுங்க. தறியைச் சுத்தி வெள்ளையா விட்டுடுங்க மாமா" என்று மாமனார் பக்கம் திரும்பிச் சொன்னேன். "கூரையில இருக்கற கண்ணாடி ஓடு வழியா வர வெளிச்சம் செவுத்துல பட்டுத்தான் நூல் மேல விழுது. செவுரு பச்சையா இருந்தா நூலும் பச்சையடிக்கும்."

மாமனார் சிரித்தார். "செவுத்து கலரு எழுந்து வந்து நூல்ல ஒட்டிக்குமா? கோயில் மதில் செவப்புப் பட்டை அடிச்சிருக்குது. பக்கத்துல நின்னா நீ செவந்து பூடுவியா?"

"செவந்தா நல்லாத்தான் இருக்கும் அண்ணி" என்றாள் நாத்தனார். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அவருக்கு விஷயம் தெரியும். தெரிந்தே சிரித்தார்.

"ஒரே கூடத்துல நடுவுல மட்டும் வெள்ளை வுட்டா, பூ வெக்காத தல மாதிரி இருக்கும். மங்கள காரியத்துக்கு ஆளு வருது" என்று மாமனார் முடித்துவிட்டார்.

பூசினார்கள். பார்க்க அழகாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கட்டுகிற புடவைக்கு அந்தச் சேர்க்கை நல்ல சேர்க்கைதான். ஆனால் புடவை கட்டினவள் நடந்து போய்விடுவாள். சுவர் போகாது. நாள் பூராவும் நம் மேலேயே விழுந்துகொண்டிருக்கும். சோறு வடித்தால் கஞ்சி மஞ்சளாகத் தெரிந்தது. என் கையைப் பார்த்தால் சீக்குக்காரி கை மாதிரி இருந்தது.

ஆரணிக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்து, "அடேயப்பா, முகூர்த்தப் பொடவைக்குள்ள வந்த மாதிரி இருக்குது" என்றார். அங்கேயே சம்பந்தம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அது ராசியான சுவர். தெருவிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கல்யாணம் முடிந்த பிறகு தறியில் வெங்காயச் சருகு கலரில் ஒரு புடவை ஏறியது. மெல்லிய கலர், கொஞ்சம் சிவப்பு கூடினாலும் குறைந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். நான் எப்போதும் போலக் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்து சிட்டங்களை ஒப்பிட்டேன். எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. சந்தேகமாக இருந்ததால் மாமனாரிடம், "வெளிய கொண்டுபோய் ஒரு தரம் பாத்துட்டு வரேன்" என்றேன்.

"வூட்டுப் பொம்பள நடுத்தெருவுல நூலைத் தொங்க வுட்டுக்கினு நிப்பியா? நாலு பேரு இன்னா சொல்லுவான்?" என்றார். கொல்லையில் பார்க்கலாம் என்றால் அங்கே பக்கத்து வீட்டுச் சுவரும் முருங்கையும் சேர்ந்து எப்போதும் நிழல்தான்.

நூலைக் கொடுத்தேன். கணவர் நெய்தார். நெய்தவருக்கும் தெரியவில்லை, அவரும் அதே சுவருக்கு நடுவில்தானே உட்கார்ந்திருந்தார். கடையில் வெயிலில் பிரித்துப் பார்த்தபோது புடவையின் குறுக்கே இரண்டு இடத்தில் ரோஸ் பட்டை. முதலாளி சுருட்டிக் கணவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"செவுருதான் காரணம்" என்றேன்.

"அந்தச் செவுத்தால என் பொண்ணுக்கு வாழ்க்கை வந்துது. அதப் போயி பழி சொல்றியா?" என்றார் மாமனார். "கண்ணு பூட்ச்சின்னு சொல்லிட்டுப் போயேன். வெக்கம் இன்னா?"

கணவர் பக்கம் பார்த்தேன். அவர் புடவையை மடித்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்க எனக்குக் கண் போய்விட்டது என்று பேச்சாகிவிட்டது. அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் அம்மாவே யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, கண்ணுக்கு எண்ணெய் வைக்கச் சொன்னார்.

மறுநாளிலிருந்து கணவரே சிட்டம் பார்க்க ஆரம்பித்தார். எங்கே வைத்துப் பார்த்தார் தெரியுமா? வாசலுக்குப் போய், தெருவில் வெயிலில் நின்று பார்த்தார். ஆம்பிளை நின்றால் யாரும் எதுவும் சொல்லவில்லை. புதிய புடவை எதிலும் பட்டை விழவில்லை. "பாத்தியா, நம்ம பையன் கண்ணு" என்று மாமனார் பெருமையடித்துக்கொண்டார். கணவர் தெருவில் நின்ற ஒவ்வொரு தடவையும் நான் சொன்னதுதான் சரி என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் வந்து அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு அவர் எடுத்துவந்த நூலை, நாடாவுக்குள் போகும் தாரில் சுற்றிக் கொடுக்கும் வேலை மட்டும் மிஞ்சியது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், வெயில் இல்லை. தறியில் பாதிப் புடவை. கணவர் இரண்டு சிட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு தூணுக்குத் தூண் நடந்தார். வாசலுக்குப் போனால் அரக்கு அடித்தது, அடுப்பருகே வந்தால் மஞ்சள் அடித்தது. கடைசியில் என் எதிரில் வந்து நின்றார்.

"இதுல எது சேரும்?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

"எனக்குத்தான் கண்ணு பூட்ச்சே. உங்க ராசியான செவுத்தக் கேளுங்க."

முன்பக்கம் உட்கார்ந்திருந்த மாமனார் காதிலும் அது விழுந்தது. ஒரே கூடம், எதுவும் தப்பாது. அவர் இருமினார். அவ்வளவுதான். மழை விடுகிறவரை தறி சும்மா கிடந்தது.

பொங்கலுக்கு ஆள் வந்து தறியைச் சுற்றி வெள்ளை அடித்துவிட்டுப் போனான். "தறிக்கு வெள்ளைதாம்பா நல்லது, வெளிச்சம் நிக்கும்" என்று வந்தவர்களிடமெல்லாம் மாமனார் தன் யோசனை மாதிரிச் சொன்னார். அன்று கணவர் சிட்டக் கட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். சாயங்காலம்வரை அது வைத்த இடத்திலேயே இருந்தது. பிறகு அவரே எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.