நனையாத மூலை

சிமெண்டுக்கு ஒரு ருசி உண்டு என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாக்கில் பட்டதும் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நேரம் கழித்துத்தான், எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்த விரலை வாயில் வைத்தது மாதிரி ஒரு மந்தமான கசப்பு ஏறிப் பல்லில் நறநறக்கும். ஒன்பது மாதம் எங்கள் வீட்டுச் சோற்றிலும் மோரிலும் தண்ணீர்ச் செம்பிலும் அந்த ருசிதான். காலையில் என் மகள் மலர் கண் விழிக்கும்போது அவள் இமையில் சாம்பல் பூத்திருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால் இன்றைக்கும் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நிற்பேன். எழுதுவது பரவாயில்லை, காகிதம் எதிர்த்துக் கேள்வி கேட்காது. எல்லாரும் சின்ன வயதைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அந்த வயது களைவெட்டிலேயே போய்விட்டதால், மலருடைய சின்ன வயதைத்தான் சொல்லப் போகிறேன். அப்போது எனக்கும் முப்பத்தைந்துக்கு மேல் இராது.

அரியலூருக்கும் குன்னத்துக்கும் நடுவில் ஒரு ஊரில், ஒரே அறை உள்ள நாட்டு ஓட்டு வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் அரியலூரில் ஒரு சிமெண்டுக் கடைக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். நாள் முழுக்க அடுத்தவன் வீட்டுக்குச் சிமெண்டு ஏற்றி அனுப்பி அனுப்பி, நமக்கும் ஒரு தளம் போட்ட வீடு வேண்டும் என்று தொண்ணூற்றைந்து வாக்கில் அவருக்குள் ஏறிய ஆசை அதன் பிறகு இறங்கவே இல்லை. ஆசையில் குற்றமில்லை, சேர்த்த விதத்தில்தான் இருந்தது.

காசாகச் சேர்க்க மாட்டார். "கையில காசு இருந்தா பங்காளி வந்து நிப்பான், மச்சான் வந்து நிப்பான். செங்கல்லக் கடன் கேட்டு எவன் வருவான் சொல்லு?" என்பார். அதனால் கொல்லையில் முதலில் செங்கல் வந்தது, அதில் கோழி முட்டையிட்டது, பிறகு பாம்பு குடியேறியது. அடுத்த வருடம் கம்பி வந்தது, துணி காயப் போட்டதில் சேலையெல்லாம் துருக் கறை. இதற்காக டீக்கடைப் பக்கம் போக மாட்டார், ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவார், குளியல் சோப்பை நூலால் இரண்டாக அறுத்துப் பாதியைத்தான் வெளியே வைப்பார். நானும் சளைத்தவள் இல்லை, குழம்பில் பருப்பு விழுந்து மாதக்கணக்கானது.

ஆனால் இருக்கிற வீட்டுக்கு ஒரு ரூபாய் செலவழிக்க மாட்டார். கதவுக் கீல் அறுந்தது, கயிற்றால் கட்டினார். வாசப்படி பெயர்ந்தது, தாண்டிப் போகச் சொன்னார். அடுப்பு மேடை பிளந்தது, சட்டியைச் சாய்த்து வைக்கச் சொன்னார். ஓடு ஒழுகுகிறது என்றால் கேட்கவே வேண்டாம். "இடிக்கப் போற வூட்டுக்கு எதுக்கு புள்ள செலவு?" இந்த ஒரு வார்த்தையை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எண்ணியிருந்தால் எனக்கு இன்னும் பெரிய எண்ணெல்லாம் பழகியிருக்கும்.

கடைசியாகச் சிமெண்டு வர ஆரம்பித்தது தொண்ணூற்றெட்டு சித்திரையில். ஓரம் கிழிந்த மூட்டைகளைக் கடையில் மலிவாகத் தள்ளிவிடுவார்கள், அதற்குக் "கிழிசல் மூட்டை" என்று பெயர். ஒன்று இரண்டாக வாங்கிக் கொண்டுவந்து கிழிசலைத் தைத்து, வீட்டிலேயே ஒழுகாமல் இருந்த ஒரே இடமான தென்மேற்கு மூலையில் பலகை போட்டு அடுக்கினார். அதுவரை மலர் படுத்த இடம் அது. சிமெண்டு மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது என்று ஊரில் யார் சொன்னாலும், "காத்துப் படாம சுத்தி வச்சா எத்தன மாசம் ஆனாலும் தாங்கும். தெனம் தூக்குறவன், எனக்குத் தெரியாதா?" என்று வாயை அடைத்துவிடுவார். தையில் கடைக்கால் தோண்ட வேண்டும், அதற்குள் இருபத்து நான்கு மூட்டை சேர வேண்டும் என்பது அவர் கணக்கு.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. சின்ன வெங்காயம் வெட்டி முடிந்த காட்டில், கூலிக்குப் போன பெண்கள் மண்ணுக்குள் தப்பிய வெங்காயத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம், காட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் போன பிறகும் குனிந்து குனிந்து பொறுக்கினேன். அதைத் தாளோடு முடிந்து விட்டத்தில் தொங்கவிட்டு, விலை ஏறியபோது விற்றதில் அறுநூற்றிருபது ரூபாய். ஓடு மாற்றுவதற்கு என்று மனசுக்குள் பெயர் வைத்து உப்புச் சட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

ஆவணியில், அவர் வேலைக்குப் போன பிறகு, கொத்தனார் ராமசாமி அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏணி வைத்து ஏறியவர் சிமெண்டு மூலைக்கு நேர் மேலேதான் முதலில் தட்டினார். "தங்கச்சி, மத்த எடம் ஒழுவுதுன்னா ஒழுவட்டும். இங்க ஓட்டத் தாங்குற ரீப்பர்க் கட்டை இத்துப்போச்சு. இந்த ஐப்பசி மழைக்கு இது உக்காந்துரும். அறுநூறு குடு, ரெண்டு நாள்ல முடிச்சிருவேன்." கையிலேயே இருக்கிறது, ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தருகிறேன் என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

அன்று சாயங்காலம் சொல்லிவிட வேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "ஏங்க, ஓடு மாத்தணும்ங்க, எங்கிட்ட காசு இருக்குங்க." இவ்வளவுதான். அவர் வந்தார், கூடவே பக்கத்துத் தெருவில் கட்டிக்கொடுத்திருந்த அவர் தங்கச்சியும் வந்து உட்கார்ந்துகொண்டாள். கிடங்கில் ஏழு கிழிசல் மூட்டை ஒரே விலைக்குக் கிடைக்கிறதாம், அதோடு இருபத்து நான்கும் முடிந்துவிடுமாம், நாளைக்குக் காலையில் காசு கட்ட வேண்டுமாம், அறுநூறு குறைகிறதாம். தட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

"அண்ணிகிட்டக் கேளேண்ணே" என்றாள் நாத்தனார்.

"இவகிட்டயா? இவகிட்ட என்னா இருக்கு, வாயத் தொறக்கவே கூலி கேப்பா" என்றார் அவர்.

"அண்ணி வாயில என்னா, கொழுக்கட்டையா வச்சிருக்கு?" என்று அவள் சிரித்தாள். மலரும் சிரித்துவிட்டாள்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. எழுந்து போய் உப்புச் சட்டியை நகர்த்தி, முடிச்சை அவிழ்த்து, ஆறு நூறு ரூபாய்த் தாளை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இது ஓட்டுக்கு என்று சொல்வதற்காகத்தான் வைத்தேன். சொல்ல வாயெடுத்தபோது நாத்தனார் "அடி ஆத்தீ!" என்று கன்னத்தில் கை வைத்தாள், அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. "பாத்தியா எம் பொண்டாட்டிய" என்றார் தங்கச்சியிடம். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே ஒரு அறை அறையலாம் போல் இருக்கிறது. ஓடு என்ற ரெண்டெழுத்து தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் ஏழு மூட்டையும் வந்தது.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. முதல் நாள் மத்தியானம், அவர் அரியலூரில், நான் காட்டில், மலர் பள்ளிக்கூடத்தில், வீடு பூட்டிக் கிடந்தபோது ராமசாமி அண்ணன் சொன்ன இடத்தில் ஓடு உட்கார்ந்துவிட்டது. நான் கதவைத் திறந்தபோது வாளி கொண்டு ஊற்றுவது மாதிரி மூட்டைகள் மேல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வந்ததும் இரண்டு பேருமாக இழுத்தோம். எங்கே இழுப்பது? அந்த மூலை போனால் வீட்டில் நனையாத மூலை ஏது? எங்கள் பாயையும் போர்வையையும் உரச் சாக்கையும் மூட்டைகளுக்குப் போர்த்தினோம். தார்ப்பாய் வாங்கலாமா என்று அவரே ஒரு தடவை கேட்டுவிட்டு, விலையை நினைத்து அவரே வேண்டாம் என்றார். ஓட்டுக்கு மேல் ஏறி வைக்கோலைத் திணித்தார், அது இன்னும் நாலு ஓட்டை உடைத்ததுதான் மிச்சம்.

மலர் வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். "ஏம்மா, நானும் சிமெண்டாப் பொறந்திருந்தா போத்தி விட்டுருப்பீங்கல்ல?" என்று தலையைத் தூக்காமலே கேட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"மேலதான் ஈரம், உள்ள ஒண்ணும் ஆயிருக்காது" என்று கார்த்திகை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டையைப் பிரித்துப் பார்க்க மட்டும் விடவில்லை. தையில் நாள் பார்த்து ராமசாமி அண்ணன் வந்தார். முதல் மூட்டையில் கரண்டியைக் குத்தினார். டொக் என்றது. அடுத்ததிலும் டொக். ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே போனார், இவர் பின்னாலேயே போனார். அடியில் இருந்த ஐந்து மூட்டை மட்டும் பொடியாக இருந்தது.

"மாப்ள, இத வச்சு வூடு கட்ட முடியாது. இதுவே வூடு" என்றார் கொத்தனார். பிறகு என் பக்கம் திரும்பி, பாவம், சாதாரணமாகத்தான் கேட்டார். "அந்த அறுநூற அப்பவே குடுத்திருந்தா தப்பிச்சிருக்குமே தங்கச்சி. கையில இருக்குன்னியே?"

"எந்த அறுநூறு?" என்றார் இவர்.

கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஏன் புள்ள சொல்லல?"

"நீங்க கேக்கல" என்றேன். பதினாலு வருடத்தில் நான் அவரிடம் பேசிய கடுமையான பேச்சு அதுதான். அதைச் சொல்ல வந்த வாய் ஐந்து மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? அவர் மேல் பாதியும் என் மேல் பாதியுமாகப் பங்கு போட்டுக்கொண்ட எரிச்சல் அது, இன்னும் ஆறவில்லை.

பொடியாக இருந்த ஐந்து மூட்டையை விற்று, அந்தக் காசில் அந்த வாரமே ஓடு மாற்றினோம். இடிக்கப் போற வீட்டுக்குத்தான். அந்த வீட்டில் இன்னும் எட்டு வருடம் இருந்தோம். இரண்டாயிரத்து ஏழில்தான் தளம் போட்டோம், அதற்கான காசை இரண்டு பேர் பெயரிலும் போஸ்ட் ஆபீசில் போட்டுச் சேர்த்தோம். கல்லாகிப் போன பத்தொன்பது மூட்டையையும் அவர் தூக்கிப் போட விடவில்லை. வாசப்படி, மாட்டுத் தொட்டிக்கு அணை, குளிக்கிற இடத்துக்குத் தரை என்று ஒவ்வொன்றாகச் செலவானது.

இப்போது அவர் இல்லை, போய் ஐந்து வருடம் ஆகிறது. நான் பொறுக்கிய வெங்காயக் காடெல்லாம் மக்காச்சோளமாகிவிட்டது. மூட்டைகளில் மிஞ்சியது ஒன்றுதான், கொல்லையில் துவைக்கிற கல். சாக்கின் பின்னல் அதன் மேல் அச்சாகப் பதிந்திருக்கிறது. அவர் கிழிசலைத் தைத்த தையலும் ஓரத்தில் தெரியும்.

போன மாதம் தளத்தில் விரிசல் விட்டுச் சமையல்கட்டில் நீர் கசிந்தது. திருப்பூரில் இருக்கிற மலரிடம் போனில் சொன்னேன். "ரெண்டு வருஷம் பொறும்மா, காசு சேத்துக்கிட்டிருக்கேன், மொத்தமா எடுத்துட்டுப் புதுசாக் கட்டிரலாம். இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்கும்மா செலவு?" என்றாள். குடை பிடித்து வீட்டுப்பாடம் எழுதியவள் சொல்கிறாள்! தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்று காலையில் அவள் திரும்பவும் அதையே பேசக் கூப்பிட்டபோது நான் அந்தக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் சாந்து குழைக்கிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"என்னம்மா சத்தம் அது?"

"கொத்தனாரு. மேல பூசுறாரு" என்றேன். "காசு நான் குடுத்துட்டேன். நீ அப்பறமாப் பேசு."