இருபது அடிக்கு ஒருமுறை நிற்கும் அலெக்ஸாண்டர்

காசிமேட்டில் எங்கள் தெரு அலெக்ஸாண்டருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. துறைமுகத்தில் முப்பது வருஷம் நிலக்கரி இறக்கியவருக்கு வேறென்ன கெடும்? தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்தால் இருபது அடிக்கு ஒருமுறை மூச்சு முட்டும். அது யாருக்கும் தெரியக்கூடாது. ஜூன் மாத அந்தோனியார் திருவிழாவில் சப்பரத்தின் இடது முன்கொம்பு அவர் தோளுக்குரியது. அதற்கு முன்னால் அவர் அப்பாவின் தோளுக்கு. சீக்காளி என்று தெரிந்தால், சப்பரம் தூக்கும் குழுவின் தலைவன் டெரிக் வேறு ஆளைப் போட்டுவிடுவான்.

அதனால் நின்ற இடத்திலெல்லாம் எதையோ பார்ப்பதுபோல நடித்தார். நடித்து நடித்து நிஜமாகவே பார்க்கத் தொடங்கினார். குடோன் சுவரில் எறும்புச்சாரை தினமும் ஒரே இடத்தில் வளைந்து போகும். அங்கே தடை ஒன்றும் இருக்காது. கருங்கல் தடுப்போரத்து மணலில் பொடி நண்டுகள் உருட்டிப்போட்ட மிளகளவு உருண்டைகள், வளையைச் சுற்றிக் கதிர்கதிராக, மார்கழிக் கோலம் தோற்றுப்போகும்! அலை வந்து அழிக்கும். மறுநாள் புதிதாக இருக்கும். வீட்டில் போய்ச் சொல்ல ஆளில்லை. மனைவி பிலோமினா இறந்து நாலு வருஷம். மூச்சு முட்டியதைவிட, பார்த்ததைச் சொல்ல ஆளில்லாததுதான் கஷ்டமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

எதிர்வீட்டு அடைக்கலமேரிக்குக் கண் சும்மா இருக்குமா?

"இன்னாண்ணே, டெய்லி குனிஞ்சு குனிஞ்சு தேடிகினு கீற? எதனா தொலைச்சிட்டியா?"

"பிலோமினா ஜெபமாலைல இருந்த சிலுவம்மா" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான்! பொருள் தொலைந்தால் எங்களுக்கு அந்தோனியார். செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி ஏற்றி நேர்ந்துகொண்டவள், கோயில் வாசலிலேயே ஆள் திரட்டிவிட்டாள். மறுநாள் காலை டெரிக்கோடு பத்துப் பேர் அவர் தினமும் குனியும் அந்த மணலில் இறங்கித் தேடினோம். நானும்தான், மடையன், செருப்புக்காலோடு.

"மெதிக்காதீங்கடா! ஐயோ, மெதிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் அலெக்ஸாண்டர். பாதியில் மூச்சு திணறி உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. நெஞ்சிலிருந்து விசில் சத்தம். அதற்குமேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டெரிக் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"அங்கிள், இந்த வருசம் நீ தூக்க வேணாம். முன்னாடி மெழுகுவத்தி புடிச்சிகினு வா, போதும்."

அவர் மணலைக் காட்டினார்.

"அந்த உருண்டைங்க..." அதற்குமேல் குரல் வரவில்லை.

"பேசாதண்ணே. சிலுவ எங்க பூடும்? நாங்க தேடித் தர்றோம்" என்றாள் அடைக்கலமேரி.

டெரிக் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மற்றவர்கள் மதியம்வரை மீதி மணலையும் கிளறினோம்.