தெல்மிரா செங்கல் சேர்த்த கதை

கில்மெஸ் ஊரில் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் அண்டா கிண்டிப் பிழைக்கிறவள் தெல்மிரா. சம்பளம் கைக்கு வந்த அன்றே செலவழித்துவிட வேண்டும் என்பது அவள் கொள்கை. ஊதாரி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் பெசோ நோட்டைப் பெட்டியில் பூட்டி வைக்கிறவன்தான் ஊதாரி. இந்த மாதம் கறி வாங்குகிற காசுக்கு அடுத்த மாதம் எலும்புதான் கிடைக்கும். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

டாலர் வாங்கி வைக்க அவளுக்கு வசதி போதாது. அதனால் செங்கல் வாங்கினாள். மாதாமாதம் கிரிஸ்பினின் கட்டடச் சாமான் கடையில் அன்றைய விலைக்குப் பணம் கட்டிவிடுவாள். கல் அவள் பேரில் கிடங்கிலேயே கிடக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். இங்கே பாதிப் பேர் இப்படித்தான் வீடு கட்டியிருக்கிறார்கள்.

மூன்று வருடம் அப்படிப் பணம் கட்டினாள். இப்போது மகள் யோலி புருஷனை விட்டுக் கைக்குழந்தையோடு வந்து கூடத்துச் சோபாவில் படுத்துக் கிடக்கிறாள். அவர்களுக்கென்று ஓர் அறை எழுப்பியாக வேண்டும்.

பாங்கில் வேலை பார்க்கும் தங்கை புருஷன் ஓமருக்கு இதெல்லாம் கேலி.

"மதினி, வட்டியை மறுபடி ஏத்திட்டோம். போட்ட பணம் ஒரே வருஷத்துல இரட்டிப்பு! நீங்க என்னடான்னா கல்லைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"உங்க வட்டி மாடிப்படி ஏறுது மாப்ள, விலைவாசி லிஃப்ட்ல போகுது. பைக் வாங்கறேன்னு போன வருஷம் பாங்க்ல போட்டீங்களே, எங்க பைக்கு?"

"அது வந்து... ஹெல்மெட் வாங்கிட்டேன்."

ஒரு திங்கட்கிழமை பெசோ தலைகுப்புற விழுந்தது. கடைக்காரர்கள் விலைச்சீட்டுகளைக் கிழித்துப் போட்டார்கள். கொத்தனாரிடம் சொல்லிவிட்டு, வாடகை லாரியோடு தெல்மிரா கிரிஸ்பின் கடைக்குப் போனாள்.

அவன் ஒரு கவரை நீட்டினான்.

"நிலைமை கையை மீறிப் போச்சும்மா. இனி கல்லு தர முடியாது. நீங்க கட்டின பணம் ஒரு பெசோ குறையாம இருக்கு. எண்ணிக்கங்க."

ஒரு பெசோ குறையவில்லையாம்! ஓர் அறை கட்டக் கட்டின பணம், இன்று நாய்க்கூண்டு கட்டக் காணாது. அந்த யோக்கியன் முதுகுக்குப் பின்னாலேயே கல் குவிந்து கிடந்தது. முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

தெல்மிரா எண்ணிப் பார்க்கவில்லை. கவரை அவன் மேஜைமேல் வைத்தாள்.

"சரி, இந்தக் காசுக்கு இன்னைக்கு எத்தனை கல்லு தருவ?"

"இன்னைக்கு விலையே இல்லம்மா. யாருக்கும் விக்கலை."

"ஒரு கல்லு கூடவா?"

"நாளைக்கு என்ன விலையோ! இன்னைக்கு வித்தா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"அப்ப நான் மட்டும் ஏண்டா என் கல்லை உனக்கு விக்கணும்? அதுவும் நான் வாங்கின பழைய விலைக்கு?"

அவளைப்போல முன்பணம் கட்டிவிட்டுச் சாமான் எடுக்க வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "அப்ப என் கம்பி?" என்றான் ஒருவன். "என் ஓடு?" என்று இன்னொருத்தி முன்னால் வந்தாள்.

கிரிஸ்பின் வரிசையை ஒரு தரம் பார்த்தான். கிடங்குச் சாவியை எடுத்து வேலையாளிடம் எறிந்தான். தெல்மிரா போய் லாரியின் பின்கதவைத் தானே இறக்கிவிட்டாள்.

"ஏத்துங்கப்பா. நான் விக்கலை."