புள்ள மூக்குல தடவுன தைலம்

அம்மா செத்து ரெண்டு மாசம் கழிச்சு அக்கா மகளுக்குச் சளி புடிச்சுச்சு. புள்ளைக்கு அப்ப எட்டு மாசம். அக்கா வீட்டுக்காரரு கொழும்புல ஒரு கடையில வேல, தீவாளி பொங்கலுக்குத்தான் வருவாரு. தேயிலத் தோட்டத்து லயத்துல எங்க வீட்டுல அக்கா, நான், புள்ள, அவ்வளவுதான்.

அக்கா கொழுந்தெடுக்கப் போறப்ப புள்ளைய புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போகும். மலைக்குப் போறவங்களோட கைப்புள்ளைங்கள பாத்துக்குற எடம் அது. சளி புடிச்ச புள்ளைய அங்க எடுக்க மாட்டாங்க, மத்ததுக்கும் ஒட்டிக்கிரும்னு. அதனால அன்னைக்கு நான் வச்சிக்கிட்டேன். நான் ஒன்பதாம் ஆண்டோட ஸ்கூல நிப்பாட்டுனவ. புள்ள பாக்குறதுக்கு என்னா பெரிய படிப்பு வேணும், நாங்கல்லாம் வளரலயான்னு நெனச்சேன்.

சளின்னா எங்க வீட்டுல யூக்கலிப்டஸ் தைலந்தான். அம்மா அத ஒரு பழைய மருந்து போத்தல்ல வச்சிருந்தாங்க. பேரு ஊரு ஒண்ணும் ஒட்டியிருக்காது. காலையில குளிருக்கு அது வெள்ளையா ஒறஞ்சு நிக்கும். அம்மா அடுப்பு ஓரமா வச்சு உருக்கி, உள்ளங்கை நெறைய ஊத்தி, நெஞ்சு, முதுகு, மூக்குக்குக் கீழன்னு தேச்சு விடுவாங்க. அக்காவுக்கும் எனக்கும் பொறந்ததுல இருந்து அதான்.

அம்மா போனதுக்கப்புறம் அந்தத் தைலம் தீந்துருச்சு. சளிக்குத் தீரல. நான்தான் தலகாணியில தடவித் தடவித் தீத்தேன். சாவுக்கு வந்தவங்க நல்ல மனசோட அம்மா துணி எல்லாத்தையும் தொவச்சுப் போட்டுட்டாங்க. அம்மா வாசம்னு மிச்சம் இருந்தது அந்தப் போத்தல் மட்டுந்தான். இத அக்காகிட்ட நான் சொன்னதில்ல.

அப்புறம் ஒரு வேல விசாரிக்க நுவரெலியாவுக்குப் போனேன். வேல கெடைக்கல. ரோட்டோரமா ஒருத்தரு தைலம் வச்சு வித்துக்கிட்டு இருந்தாரு. என் பொறங்கையில ஒரு சொட்டு விட்டு, கலப்படமே இல்லாத சரக்குன்னாரு. மோந்து பாத்தேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. அம்மா நெனப்புலதான் வருதுன்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து அம்மா போத்தல்லயே ஊத்தி வச்சேன். எவ்வளவு குளிருக்கும் அது ஒறையல. நல்ல சரக்கு, அதான் ஒறையலன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெரும கூட.

அன்னைக்குப் பனி எறங்கியிருந்துச்சு. குளிருமேன்னு கதவு சன்னல எல்லாம் சாத்திட்டு, அம்மா மாதிரியே உள்ளங்கையில ஊத்தி புள்ள நெஞ்சுலயும் முதுகுலயும் தேச்சேன். வெரல்ல தொட்டு மூக்குக்குக் கீழயும் வச்சேன். புள்ள ரெண்டு தடவ தும்முச்சு. காரமாடி செல்லம்னு நான் சிரிச்சேன். அடுத்தாப்ல வீல்னு கத்துச்சு. அதுக்கப்புறம் வாய் தெறந்திருக்கு, சத்தம் இல்ல. மூச்சு உள்ள போகல. மூஞ்சி செவந்து, செவப்பு மாறி, ஒதடு ஒரு மாதிரி நெறமாயிருச்சு. நான் ஊதுறேன், முதுகத் தட்டுறேன், அம்மா அம்மான்னு கூப்புடுறேன். யாரக் கூப்புடுறேன்னு அப்ப எனக்கே தெரியல.

புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடுனேன். பக்கத்து வீட்டு சித்தி வாங்கி, தன் முந்தானையாலயே மூஞ்சி நெஞ்செல்லாம் தொடச்சுச்சு. காத்துப் பட்டதும் புள்ள ஒரு இழுப்பு இழுத்துச்சு. ஆனா இழுக்குறப்ப தொண்டையில கீச்சுனு ஒரு சத்தம். கண்ணு சொருகுது. யாரோ ஆட்டோவுக்கு ஃபோன் பண்ணாங்க, யாரோ அக்காவக் கூப்புட மலைக்கு ஓடுனாங்க. கீழ் ரோட்டுல அக்கா, கொழுந்தெடுக்குறப்ப இடுப்புல கட்டுற படங்குச் சாக்கோடயே வந்து ஆட்டோவுல ஏறுச்சு.

"என்னாடி குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கலக்கா. அம்மா தடவுறதத்தான் தடவுனேன்."

அக்கா புள்ளைய வாங்கி மடியில வச்சிக்கிருச்சு. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் இதே ரோட்டுலதான். போற வழியில ஒரு வளைவுலதான் என் கையப் புடிச்சிருந்த அம்மா கை விட்டுப்போச்சு. அந்த வளைவு வந்தப்ப நான் கண்ண மூடிக்கிட்டேன். புள்ளையோட கீச்சு சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே வந்துச்சு. அது நிக்கக் கூடாதுன்னு மட்டுந்தான் நெனச்சேன். வேற சாமி பேரு ஒண்ணும் வாயில வரல.

ஆஸ்பத்திரியில புள்ளைய உள்ள கொண்டு போய் மூஞ்சியில ஒக்சிஜன் மாட்டுனாங்க. டொக்டரு சிங்களத்துல கேக்க, நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தங்க எனக்குத் தமிழ்ல சொன்னாங்க. புள்ள குடிச்சுச்சா, எவ்வளவு, போத்தல்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு. குடிக்கல, தடவுனதுதான், போத்தல்ல ஒண்ணும் எழுதலன்னேன். பச்சைத் தைலத்த அப்படியேவா தடவுனன்னு கேட்டாங்க. எங்க அம்மாவும் அப்படித்தான் தடவுவாங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆகலயேன்னு கொஞ்சம் வெடுக்குனுதான் சொன்னேன்.

மிஸ்ஸி எழுதுறத நிப்பாட்டிட்டு, "அம்மா வச்சிருந்தது குளிருக்கு ஒறையுமா?"ன்னாங்க.

"ஒறையும். அடுப்புக்கிட்ட வச்சு உருக்குவாங்க."

"யூக்கலிப்டஸ் ஒறையாதும்மா. ஒறஞ்சது தேங்கா எண்ண. உங்க அம்மா கொஞ்சூண்டு தைலத்த நெறைய எண்ணெயில கலந்து வச்சிருக்காங்க."

இருவது வருசமா தெனம் பாத்த போத்தல். அம்மா எப்ப கலந்தாங்க, எவ்வளவு கலந்தாங்க, ஒரு நாளும் நான் கேக்கல. இனிமே யாருகிட்ட கேக்குறது.

மிஸ்ஸி அதோட விடல. எண்ணெயில கலந்திருந்தாலும் சின்னப் புள்ளைங்க மூக்குக்கிட்ட கொண்டு போகவே கூடாதாம், தொண்ட இறுகி மூச்சு அடைச்சிருமாம். வாயில போனா அதவிட மோசமாம், அப்ப வாந்தி எடுக்க வைக்காம போத்தலோட நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணுமாம். பேரு எழுதாத போத்தல்ல வைக்கிறதே தப்புன்னாங்க. அப்புறம், உங்க அம்மா செஞ்சதும் சரியில்ல, உங்க நல்ல நேரம் ஒண்ணும் ஆகலன்னாங்க. அவங்க சொன்னது நெசந்தான். ஆனா அப்ப அவங்க மேல எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு. செத்தவங்களப் போயி ஏன் சொல்றீங்கன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. புள்ள அவங்க கையில இருந்துச்சு.

ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்புனாங்க. புள்ள பால் குடிச்சுச்சு, சிரிச்சுச்சு, என்னப் பாத்துக் கைய நீட்டுச்சு. நான் தூக்கல. கையில இன்னும் அந்த வாசம் போகல. அக்கா என்ன ஒரு வார்த்த திட்டல. கொழும்புல இருந்து ஃபோன் பண்ணுன புருசன்கிட்டயும் சளி முத்திருச்சுன்னுதான் சொல்லுச்சு. திட்டியிருந்தா நானும் ஏதாச்சும் சொல்லி அழுதிருப்பேன். போத்தல அக்கா என்ன செஞ்சுச்சுன்னு நான் கேக்கல.

அடுத்த மாசம் புள்ளைக்குத் திரும்பவும் சளி. புள்ளக்காம்பராவுல எடுக்க மாட்டாங்க. அக்கா படங்கு கட்டிக்கிட்டு வாசல்ல ரொம்ப நேரம் நின்னுச்சு. வேற யாரு இருக்கா. "பாத்துக்கடி"ன்னுட்டு எறங்கிப் போயிருச்சு.

சன்னலத் தெறந்து வச்சேன். ஆஸ்பத்திரியில குடுத்த உப்புத்தண்ணி மருந்த மூக்குல ரெண்டு சொட்டு விட்டேன். ஈரத்துணியால தொடச்சேன். நிமித்தி மடியில வச்சிக்கிட்டேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் செய்யக் கூடாது. புள்ளைக்கு மூக்கு கர்ருகர்ருன்னு இழுக்குது. மூச்சு முட்டுறப்பல்லாம் ஏதாச்சும் செய்யேன்னு கேக்குற மாதிரி என் மூஞ்சியவே பாக்குது. எதத் தடவட்டும் நான். நெஞ்சு மேல கைய வச்சு, ஏறுதா எறங்குதான்னு மட்டும் பாத்துக்கிட்டு, மத்தியானம் அக்கா வர்ற வரைக்கும் அசையாம உக்காந்திருந்தேன்.