சித்திரையிலும் கழற்றாத மாலை

1963-ஆம் வருஷம், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், என் பெரியம்மா மகள் வள்ளித்தாய் கணவனை விட்டுவிட்டுக் கடையத்துக்குப் பஸ் ஏறினாள். கொழும்பு, பம்பாய், நாகபுரி என்று சுற்றிவிட்டு நான் தென்காசியில் வந்து இறங்கியதும் அன்றைக்குத்தான். ரயிலடியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்து, அம்மா வீடும் அக்கா வீடும் இருந்த மேலகரம் போக என்ன கிடைக்கும் என்று தகரப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு துணிமூட்டையும் தூக்குவாளியுமாக அக்கா வேகமாக வந்தாள். பல வருஷம் கழித்துப் பார்க்கிற தங்கையிடம் எப்போது வந்தாய் என்று கூடக் கேட்கவில்லை. நான்தான் எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

“எங்கம்மா வீட்டுக்கு. வீட்டுல சாமி இருக்காரு. நீ போயி விழுந்து கும்பிட்டுக்கோ.”

பஸ் நகர்ந்துவிட்டது. அழுத முகமாக இருந்திருந்தால் பின்னாலேயே ஏறியிருப்பேன். அது அழுத முகமல்ல, அடுப்பில் பால் பொங்கி வழியும்போது இருக்கிற முகம். அதனால் மேலகரத்துக்கே போனேன்.

சாமி யார் என்பதை அம்மா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை சிரித்தாள், இரண்டு தடவை ‘பாவம்’ என்றாள்.

வள்ளி அக்காவின் கணவர் சொரிமுத்து அத்தானுக்கு, குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே இருந்த ஒரு பழத்தோட்டத்தில் சுமை வேலை. ஏறும்போது எருக்கூடை, இறங்கும்போது மங்குஸ்தான் கூடை. மீசை அரும்பிய நாளிலிருந்து பீடி. காலையில் கண்ணைத் திறக்க ஒன்று, கொல்லைக்குப் போக ஒன்று, கூடையைத் தூக்குமுன் ஒன்று, இறக்கியபின் ஒன்று. கலியாணமாகி சில வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. வீட்டில் இருந்தவை அவர், அக்கா, பீடிக்கட்டு.

தோட்டத்துக்கு ஏறுகிற பாதையில் பாதித் தொலைவில் ஒரு தட்டைப் பாறை உண்டு. முந்தின வருஷம் சாரல் காலத்தில், எருக்கூடையோடு அந்தப் பாறையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. வெளியே வந்தது திரும்ப உள்ளே போகவில்லை. கூடையை வேறொருவன் தூக்கிப் போனான். தோட்டத்து மேஸ்திரி சங்கரநாராயணன் நல்ல மனிதர்தான். ஆனால் அடுத்த சீசனிலும் பாறையில் உட்கார்ந்தால் மலை வேலை கிடையாது என்றும், கீழே கடையில் உட்கார்ந்து பழம் பொறுக்கிப் போடலாம் என்றும் சொல்லிவிட்டார். அத்தானுக்கு அது செத்ததற்குச் சமம். தென்காசியில் டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டுப் பீடியை விடச் சொன்னார். விட்டார். சாயங்காலம் பிடித்தார். மறுபடி விட்டார். ராத்திரிச் சோற்றுக்குப் பின் பிடித்தார்.

கடைசியில் கார்த்திகை பிறந்ததும், தையல் கடை மந்திரமூர்த்தி அண்ணாச்சியிடம் போய் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். அண்ணாச்சிதான் அந்தத் தெருக் கூட்டத்துக்குக் குருசாமி. கழுத்தில் துளசிமணி ஏறிவிட்டால் பீடியைத் தொடக்கூடாது. ஒரு மண்டலம் தப்பிவிடலாம், அதற்குள் பழக்கம் போய்விடும் என்பது கணக்கு.

பீடி போனது. போனது சும்மா போகவில்லை. முதல் வாரம் தலைக்குள் யாரோ உரல் இடித்தார்கள். கை நடுங்கி, சாப்பிடும்போது சோறு இலைக்கு வெளியே விழுந்தது. தூக்கம் இல்லை. வாயெல்லாம் புண். வெறும் மோர் பட்டால்கூட எரிந்தது. எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. ஆனால் மாலை போட்டவர் யாரையும் திட்டக்கூடாது, எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடித்துவிட்டுப் போனவனைத் துரத்திப் போய், “சாமி, நீரெல்லாம் ஒரு மனுசனா சாமி?” என்று கேட்டாராம். தெருவில் அதை ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது காலைக் கடன். பீடி இல்லாமல் வயிறு அசையமாட்டேன் என்றது. விடியுமுன் வாய்க்கால் பக்கம் போவார், வெயில் ஏறியபின் அதே முகத்தோடு திரும்பி வருவார். அக்கா ராத்திரி கடுக்காய்ப் பொடி கொடுத்தாள், காலையில் வெந்நீர் கொடுத்தாள், சந்தையில் கனிந்த நாட்டு வாழைப்பழமாகப் பார்த்து வாங்கினாள். வாய்ப்புண்ணுக்கு மிளகுதக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேக வைத்தாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில், வாய்க்கால் பக்கமிருந்து அவர் பாடிக்கொண்டே வந்தார். என்ன ஆயிற்று என்று அக்கா கேட்கவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அவளும் சிரித்துக்கொண்டாள்.

அப்புறம் இருமல். பீடி பிடித்த காலத்தில் இல்லாத இருமல். நெஞ்சிலிருந்து கரிகரியாகச் சளி வந்தது. பீடியை நிறுத்தியதால்தான் சளி கட்டிக்கொண்டது, ஒன்று இழுத்தால் இளகிவிடும் என்று தெருவே வைத்தியம் சொன்னது. மாலை இருந்ததால் தப்பித்தார். விரல் சும்மா இருக்கமுடியாமல் தவித்தபோது, தோட்டத்துக் கிராம்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார்.

இதுவரைக்கும் அக்காவுக்கு அவர்மேல் பெருமைதான். கோளாறு மலைக்குப் போய்த் திரும்பிய அன்று ஆரம்பித்தது. தென்காசி கோயில் முன்னால் வைத்து மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் மாலையைக் கழற்றினார். கழற்றிய கையோடு அத்தனை பேரும் எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போய் ஆளுக்கொரு பீடி பற்றவைத்தார்கள், குருசாமியும் சேர்த்து. ஒரு மண்டலத்துப் புகை முழுவதும் ஒரேயடியாகக் கிளம்பியது மாதிரி இருந்ததாம். வரிசையில் கடைசி ஆளாக நின்ற அத்தான் கழுத்து மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு அடுத்த வாரம் கழற்றலாம் சாமி என்றார்.

அடுத்த வாரம் வந்தது. தை போனது, மாசி போனது, பங்குனியும் போனது. மாலை கழுத்திலேயே இருந்தது.

மாலை இருந்தால் அதற்குரிய எல்லாமும் இருக்கவேண்டுமே. தரையில் தனியே படுக்கை. வீட்டில் மீன் கிடையாது, கறி கிடையாது. அக்கா குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடவேண்டும். மாதத்தில் மூன்று நாள் பக்கத்து வீட்டுப் பேராச்சியின் பின்கட்டில் போய் இருக்கவேண்டும். அத்தை முறையில் ஒரு கிழவி செத்ததற்கு அவர் வரவில்லை, சாவு வீட்டுக்கு மாலையோடு போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மாலை போட்டவர் பெண்களைக் கூப்பிடுகிற முறைப்படி, கட்டிய மனைவியை ‘மாளிகைப்புறம்’ என்று கூப்பிட்டார். ஒரு மண்டலத்துக்கு அது சரி. சித்திரை மாதம் வரைக்கும் மாளிகைப்புறமாக இருக்க யாரால் முடியும்? பிள்ளை ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு இனிமேல் நான் என்ன பதில் சொல்ல என்று பேராச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் அக்கா மூட்டையைக் கட்டியிருக்கிறாள்.

நான் மறுநாள் அத்தானைப் பார்க்கப் போனேன். கறுப்பு வேட்டி வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கிராம்பு மணந்தது. என்னையும் வாங்க மாளிகைப்புறம் என்றார். மாலையைக் கழற்றிவிட்டு அக்காவைக் கூட்டி வாருங்கள் என்றேன். அவர் மாலையைத் தொட்டுக்கொண்டு சொன்னார்:

“இதக் கழட்டுனேன்னா அன்னிக்கே பெட்டிக்கடை வாசல்ல நிப்பேன். எனக்கு என்னையத் தெரியும். பெறகு அந்தப் பாறையில போயி உக்காரணும். அவ கோவம் தீந்துரும், மூச்சு போச்சுன்னா வருமா?”

நான் கவனித்தது ஒன்று. இவ்வளவும் பேசியதில் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. அதைச் சொன்னேன். எல்லாம் மாலை செய்கிற வேலை என்று கும்பிட்டுக்கொண்டார்.

எனக்கு ஒரே வீட்டில் ஒரு மாதத்துக்குமேல் இருப்புக்கொள்ளாது. வைகாசிக் கடைசியில் கடையத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே அக்கா தினமும் மீன் வாங்கினாள், யாரிடமோ பந்தயம் கட்டியது மாதிரி. அத்தான் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவாள். ஆனால் குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதா, தோட்டத்தில் சுமை ஆரம்பித்துவிட்டதா என்று பஸ்ஸில் வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டும் இருந்தாள்.

சாரல் விழுந்தது. பேரருவியில் புதுத்தண்ணீர் வந்தது. அன்று நடந்ததை அத்தானே பிற்பாடு சொன்னார். விடியற்காலையில் அருவியில் நின்றுவிட்டுத் தோட்டத்துக்கு ஏறியிருக்கிறார். சீசன் வேலை தொடங்கவில்லை, பாதையைச் செதுக்குகிற வேலைதான். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, வழக்கம்போல மாலையைத் தொட்டுக் கும்பிடக் கையைக் கொண்டுபோனால் கழுத்து வெறுமையாக இருந்தது. மாதக்கணக்கில் எண்ணெயிலும் தண்ணீரிலும் ஊறி இற்றுப்போன கயிறு. புதுத்தண்ணீர் வருகிற வேகத்தில் எத்தனையோ பேருடைய கம்மலும் மோதிரமும் அங்கே போயிருக்கின்றன. இவருடைய மாலையும் போய்விட்டது.

சாப்பாட்டை அப்படியே விட்டு இறங்கி, தேங்கின தண்ணீரிலெல்லாம் துழாவினார். கிடைக்கவில்லை. அங்கிருந்து ஓட்டமாகத் தையல் கடைக்குப் போய், இப்போதே வேறொரு மாலை போடுங்கள் என்று நின்றார். மந்திரமூர்த்தி அண்ணாச்சி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை நிறுத்தவில்லை.

“ஏலே சொரிமுத்து, கார்த்திகைக்கு வா, போடுதேன். இப்பம் ஒனக்கு மாலை போட்டா என்னைய ஊரு சிரிக்கும்.” அப்புறம் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “மாலை எப்பம் போச்சு?”

“காலையில, அருவியில.”

“இப்பம் பொழுது சாயுது. எத்தன பீடி பிடிச்ச?”

ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்பது அத்தானுக்கே அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதத்துக்கு மேல் எல்லோரும் சாமி சாமி என்று கூப்பிட்ட காதில் ஏலே என்று விழுந்ததே அவருக்குப் போதுமாக இருந்ததாம். தலையிலிருந்து கூடையை இறக்கியது மாதிரி இருந்தது என்றார். அதே சமயம் பயம் விடவில்லை. தனியாக வீட்டுக்குப் போனால் வழியில் பெட்டிக்கடை இருக்கிறது. நேரே கடையம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பக்கத்து ஸீட்டில் இருந்தவர் பீடி பற்றவைத்தார். மாலை இருந்தவரைக்கும் அத்தானிடம் யாரும் பீடி நீட்டியதில்லை. இவர் நீட்டினார். ஒண்ணு பிடிங்களேன் அண்ணாச்சி என்றார். வேண்டாம், நான் இறங்கப் போகிறேன் என்று அத்தான் சொன்னார். பஸ் அப்போதுதான் தென்காசியைத் தாண்டியிருந்தது. கடையம் வரைக்கும் அந்த மனிதர் இவரை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டு வந்தாராம். புகை முகத்தில் அடித்தபோது முதலில் நாக்கில் எச்சில் ஊறியது, அப்புறம் குமட்டியது. குமட்டியதும் தெம்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் வாசலில் வந்து நின்றபோது நானும் அக்காவும் பின்னால் அடுப்படியில் இருந்தோம். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கதவு மறைவில் அவர் தலை தெரிந்தது. அக்கா முதலில் பார்த்தது கழுத்தைத்தான். மாலை கிடந்த இடம் மட்டும் வெளுத்து, மணி மணியாகத் தடம் இருந்தது.

“ஏட்டி வள்ளி, மீன் கொழம்பா?” என்றார்.

அக்கா அகப்பையோடு எழுந்தாள். ஏட்டி வள்ளி என்று கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்பது அவள் நின்ற நிலையில் தெரிந்தது. ஆனால் விடவில்லை. கிட்டப் போய் முகத்துக்கு நேரே நின்றாள்.

“வாய ஊதுங்க.”

ஊதினார்.

“கிராம்பு வாசம்தான் அடிக்கு,” என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் அவரிடம், “இன்னிக்குச் சரி. நாளைக்கு?”

“நாளைக்கும் ஊதுதேன்.”

பெரியம்மா மூன்று இலை போட்டாள். அத்தான் தேடி வந்தது எங்கள் அக்காவையா, மீனையா என்று எனக்குச் சந்தேகம் வருகிற அளவுக்குச் சாப்பிட்டார். மறுநாள் காலை இருவரும் மேலகரத்துக்குத் திரும்பினார்கள்.

அந்தச் சீசனில் அவர் பாறையைத் தாண்டி ஒரே மூச்சில் ஏறிவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதல் நாள் எருக்கூடையோடு ஏறியபோது பாறையில் உட்கார்ந்தார். மேஸ்திரி சங்கரநாராயணன் பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டு நின்றார். அத்தான் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார், ஒரு தடவை இருமிக் காறித் துப்பினார், கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். மேஸ்திரி வேறு ஆள் பார்க்கவில்லை. ஆவணி முடியும்வரை அவர்தான் சுமந்தார். சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார் என்று பேராச்சி கேலி செய்தாள். சில நாள், ஊதச் சொன்னதற்காகச் சண்டை போட்டார். பீடி கேட்டு நாக்கு இழுத்த நாட்கள் அவைதான் என்று அக்காவுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் இரண்டாம் தடவை கேட்கமாட்டாள். சோற்றைப் போட்டுவிடுவாள்.

நான் அந்தப் புரட்டாசியிலேயே மறுபடியும் கிளம்பிவிட்டேன்.

1968-இல் போர்ட் பிளேரில் இருந்தபோது, பல ஊர் விலாசம் அடித்துத் திருத்தப்பட்ட ஒரு கார்டு வந்தது. அக்கா ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து ஒவ்வொன்றும் கொட்டைப் பாக்கு அளவு. அதில் இருந்தது இவ்வளவுதான்:

‘சித்ரா பவுர்ணமிக்கு செண்பகாதேவி கோயிலுக்குத் தோட்டத்துப் பாதை வழியாகப் போனோம். சின்னவள் நடக்கமாட்டேன் என்று அழுதாள். உன் அத்தான் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். தட்டைப் பாறையில் நான்தான் உட்கார்ந்தேன். எனக்கு மூச்சு வாங்குது, நில்லுங்க என்று கத்தினேன். அவர் மேலே நின்று திரும்பிப் பார்த்து, ஏட்டி வள்ளி, நீ எப்பம் பீடி பிடிக்க ஆரம்பிச்ச என்று கேட்கிறார்.’